ஊர்ந்து செல்லும் நகரில் ஹைபிரிட் கார்: வாங்கலாமா, காத்திருக்கலாமா?

மாலை ஏழு மணிக்குக் கரியாஹாட் சந்திப்பில் நின்று பார்த்தால் கொல்கத்தாவின் போக்குவரத்து முழுவதும் கண்முன் விரியும். மஞ்சள் டாக்ஸிகள், பேருந்துகள், ஆட்டோக்கள், தனியார் கார்கள் என எல்லாமே சிவப்பு விளக்கின்முன் இன்ஜினை ஓடவிட்டபடி காத்து நிற்கின்றன. அவற்றுக்கிடையே ஒரு கார் மட்டும் ஓசையின்றி நிற்கிறது. உள்ளே குளிர்சாதனம் இயங்குகிறது. ஆனால் இன்ஜின் ஓடவில்லை. பச்சை விளக்கு எரிந்ததும் அது அரவமின்றி நகர்கிறது. சற்றுத் தூரம் சென்ற பின்னரே இன்ஜின் விழித்துக்கொள்கிறது. அதுதான் ஹைபிரிட் கார்.

நெதர்லாந்தைச் சேர்ந்த டாம்டாம் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் போக்குவரத்துக் குறியீட்டில், 2024-ஆம் ஆண்டுக்கான பட்டியலில் கொல்கத்தா உலகிலேயே இரண்டாவது மெதுவான நகரமாக இடம்பெற்றது. இங்கே 10 கிலோமீட்டரைக் கடக்கச் சராசரியாக 34 நிமிடம் 33 வினாடி ஆயிற்று. அதாவது மணிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகம். போக்குவரத்து நெரிசலுக்குப் பெயர்போன பெங்களூருகூட அந்தப் பட்டியலில் கொல்கத்தாவுக்கு அடுத்த இடத்தையே பெற்றது.

நின்று நின்று செல்லும் சாலைகளில்தான் ஹைபிரிட் கார் தன் திறமையைக் காட்டும். எனவே இந்தியாவில் ஹைபிரிட் காருக்கு மிகவும் பொருத்தமான நகரம் கொல்கத்தாதான் என்று முடிவுகட்டத் தோன்றும். அந்த முடிவில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதி உண்மையை அறிய, காகிதமும் பேனாவும் எடுத்துச் சற்றுக் கணக்குப் பார்க்க வேண்டும். கார்க் கடனுக்கு விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொரு குடும்பமும் செய்ய வேண்டிய அந்தக் கணக்கைப் பற்றியதே இக்கட்டுரை.

இரண்டு ஆற்றல், ஒரு வண்டி

கொல்கத்தாவின் தெருக்களில் மின்சாரமும் எரிபொருளும் நெடுங்காலம் அருகருகே ஓடியிருக்கின்றன. 1902-இல் இந்நகரில் டிராம் வண்டிகள் மின்சாரத்தால் ஓடத் தொடங்கின. ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள உத்தர்பாராவில் உருவான அம்பாசடர் கார்கள், 2014-இல் உற்பத்தி நிறுத்தப்படும் வரை, அதே தெருக்களுக்கு வந்துகொண்டே இருந்தன. இவ்விரண்டு ஆற்றல்களையும் ஒரே வண்டிக்குள் இணைத்தால் கிடைப்பது ஹைபிரிட் கார்.

இந்த எண்ணம் புதியதன்று. 1900-ஆம் ஆண்டிலேயே பெர்டினாண்ட் போர்ஷ் பெட்ரோல் இன்ஜினையும் மின்மோட்டாரையும் இணைத்து ஒரு வண்டியை உருவாக்கினார். எனினும் பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் ஹைபிரிட் கார், 1997 டிசம்பரில் ஜப்பானில் அறிமுகமான டொயோட்டா பிரியஸ்தான். இந்தியாவில் ஹோண்டா சிவிக் ஹைபிரிட் 2008-இலும் பிரியஸ் 2010-இலும் இறக்குமதியாக விற்பனைக்கு வந்தன. விலை மிகுதியால் அவை நடுத்தரக் குடும்பங்களை எட்டவில்லை. 2022-இல் ஹோண்டா சிட்டி, மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஆகியவற்றின் ஹைபிரிட் வகைகள் வந்த பிறகே நிலைமை மாறிற்று.

இக்கார்களில் பெட்ரோல் இன்ஜின், மின்மோட்டார், சிறிய உயர் மின்னழுத்த பேட்டரி ஆகிய மூன்றும் உண்டு. குறைந்த வேகத்தில் மோட்டார் வண்டியை நகர்த்துகிறது. வேகம் கூடும்போது இன்ஜின் சேர்ந்துகொள்கிறது. பிரேக் மிதிக்கும்போது, சாதாரணக் காரில் வெப்பமாகி வீணாகும் ஆற்றலின் ஒரு பகுதியை மோட்டாரே மின்சாரமாக மாற்றி பேட்டரிக்கு அனுப்புகிறது. வெளியிலிருந்து மின்னேற்றம் செய்யத் தேவையில்லை. பெட்ரோல் நிரப்பினால் போதும்.

பெயரைக் கண்டு மயங்க வேண்டாம்

ஷோரூமில் ‘ஹைபிரிட்’ என்ற சொல் மூன்று வெவ்வேறு தொழில்நுட்பங்களுக்கு வழங்கப்படுகிறது. முதலாவது ‘மைல்டு ஹைபிரிட்’. இதில் சிறிய மோட்டார் இன்ஜினுக்குத் துணைபுரியும். அதனால் மட்டும் வண்டியை ஓட்ட இயலாது. எரிபொருள் சேமிப்பும் சிறிதளவே. இரண்டாவது ‘ஸ்ட்ராங் ஹைபிரிட்’. இதுவே மேலே விவரித்த முழுமையான வகை. மூன்றாவது ‘பிளக்-இன் ஹைபிரிட்’. பெரிய பேட்டரியுடன், வெளியிலிருந்து மின்னேற்றம் செய்து ஓட்டும் இவ்வகை நம் நாட்டில் பெரும்பாலும் விலையுயர்ந்த கார்களிலேயே காணப்படுகிறது.

இவ்வேறுபாடு பணத்தோடு நேரடித் தொடர்புடையது. 2015-இல் மத்திய அரசு தொடங்கிய ஃபேம் திட்டத்தின்கீழ் மைல்டு ஹைபிரிட் கார்களுக்கும் ஊக்கத்தொகை கிடைத்தது. 2017-இல் அச்சலுகை அவற்றுக்கு நீக்கப்பட்டது. எனவே விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுதான்: “இந்தக் கார் இன்ஜின் ஓடாமல், மின்மோட்டாரால் மட்டும் நகருமா?” நகரும் என்றால் மட்டுமே அது இக்கட்டுரை பேசும் வகையைச் சேர்ந்தது.

கொல்கத்தாவில் கிடைக்கும் நன்மைகள்

முதல் நன்மை எரிபொருள் சேமிப்பு. குளிர்சாதனத்துடன் நின்றபடி ஓடும் கார் இன்ஜின் மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பெட்ரோலைக் குடிக்கிறது. சிக்னலிலும் மேம்பால இறக்கத்திலும் அன்றாடம் ஒரு மணி நேரம் நிற்பவருக்கு இது சிறு தொகை அன்று. ஹைபிரிட் கார் அந்த நேரத்தின் பெரும்பகுதியில் இன்ஜினை நிறுத்திவைக்கிறது.

சான்றளிக்கப்பட்ட மைலேஜும் இவ்வேறுபாட்டைக் காட்டுகிறது. 2022-இல் அறிமுகமானபோது கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைபிரிட் வகைக்கு லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்றும், அதே காரின் தானியங்கி கியர் கொண்ட பெட்ரோல் வகைக்கு 20.58 கிலோமீட்டர் என்றும் சான்றளிக்கப்பட்டது. இவை ஆய்வுக்கூடச் சோதனையின் எண்கள். நெரிசலில் இரண்டுமே குறையும். ஆனால் சாதாரணப் பெட்ரோல் கார் மிகுதியாகச் சரியும். நெடுஞ்சாலையில் இதற்கு நேர்மாறு. துர்காபூர் விரைவுச்சாலையில் ஒரே சீரான வேகத்தில் செல்லும்போது பிரேக்கிலிருந்து திரும்பப் பெற ஆற்றல் ஏதும் இராது. இன்ஜினே பெரும்பாலும் ஓடும். அங்கே இரண்டு கார்களுக்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிடும்.

இரண்டாவது நன்மை வசதி. கொல்கத்தாவின் கோடைப் புழுக்கத்தில் குளிர்சாதனம் இன்றிக் காரில் அமர்ந்திருப்பது அரிது. இத்தகைய ஹைபிரிட் கார்களில் குளிர்சாதனக் கருவி மின்சாரத்தால் இயங்குவதால், இன்ஜின் நின்றாலும் குளிர்ச்சி நிற்பதில்லை. அதிர்வும் இரைச்சலும் குறைவு. கிளட்ச் மிதிக்கும் வேலையும் இல்லை.

மூன்றாவது நன்மை, மின்னேற்றத்தைப் பற்றிய கவலையின்மை. வடக்கு கொல்கத்தாவின் பழைய வீடுகளுக்கும் லேக் மார்க்கெட் பகுதியின் பல பழைய அடுக்ககங்களுக்கும் சொந்தக் கார் நிறுத்துமிடம் கிடையாது; வண்டி தெருவோரத்தில்தான் இரவைக் கழிக்கிறது. வீட்டு மீட்டரிலிருந்து கம்பி இழுத்து மின்காருக்கு மின்னேற்றம் செய்வது அங்கே இயலாத காரியம். அத்தகைய குடும்பத்துக்கு ஹைபிரிட் ஒரு நடைமுறை வழி.

நான்காவது நன்மை ஊருக்கானது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆண்டுக்கு 300 லிட்டர் மிச்சமானால், ஏறத்தாழ 700 கிலோ கரியமில வாயு குறைகிறது. சிக்னலில் நிற்கும் காரின் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் நடைபாதை வணிகர்களும் போக்குவரத்துக் காவலர்களும்தான் என்பதையும் நினைக்க வேண்டும்.

பணக் கணக்கு

இனி மறுபாதிக்கு வருவோம். கீழே உள்ள எண்கள் ஓர் எடுத்துக்காட்டுக்காகக் கொண்டவை. உங்கள் காருக்குரிய எண்களை இட்டு இதே முறையில் கணக்கிடலாம்.

ஒரே அளவுள்ள இரண்டு கார்கள். இரண்டிலும் கியர் தானியங்கி. ஹைபிரிட் வகைக்கு, பதிவும் காப்பீடும் உட்பட, 2.5 லட்சம் ரூபாய் கூடுதல் என்று கொள்வோம். கொல்கத்தா நெரிசலில் சாதாரணக் கார் லிட்டருக்கு 10 கிலோமீட்டரும் ஹைபிரிட் 18 கிலோமீட்டரும் தருவதாகக் கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 105 ரூபாய். அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்குச் சாதாரணக் காரின் பெட்ரோல் செலவு 10 ரூபாய் 50 காசு. ஹைபிரிட்டின் செலவு 5 ரூபாய் 83 காசு. சேமிப்பு 4 ரூபாய் 67 காசு.

கூடுதலான 2.5 லட்சத்தையும் கடனாகவே பெற்றால், 9 சதவீத வட்டியில் 7 ஆண்டுகளுக்கு அதன் மாதத் தவணை ஏறத்தாழ 4,020 ரூபாய். ஏழாண்டில் செலுத்தும் மொத்தத் தொகை ஏறத்தாழ 3.38 லட்சம். ஆக, ஹைபிரிட்டின் உண்மையான கூடுதல் விலை 2.5 லட்சம் அன்று, 3.38 லட்சம்.

இப்போது இரண்டு வாடிக்கையாளர்களைக் கற்பனை செய்வோம். ஒருவர் லேக் மார்க்கெட்டில் குடியிருந்து டல்ஹௌசி சதுக்கத்தில் பணிபுரிபவர். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே ஏறத்தாழ 8 கிலோமீட்டர். வார இறுதிப் பயணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு 7,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். அவருடைய பெட்ரோல் சேமிப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 32,700 ரூபாய். மாதத்துக்கு 2,700 ரூபாய். தவணையோ 4,020. ஏழாண்டு முடிவில் அவர் சேமித்தது ஏறத்தாழ 2.29 லட்சம், செலுத்தியது 3.38 லட்சம். ஒரு லட்சத்துக்கும் மேல் கைப்பிடித்தம்.

மற்றவர் நியூ டவுனில் குடியிருந்து, ஹவுரா, ஹூக்ளி பகுதிகளில் வாடிக்கையாளர்களைச் சந்திக்கும் விற்பனை அலுவலர். நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர், ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர். அவருடைய சேமிப்பு ஆண்டுக்கு 70,000 ரூபாய். மாதத்துக்கு ஏறத்தாழ 5,800 ரூபாய். தவணையைக் கட்டிய பிறகும் மாதந்தோறும் 1,800 ரூபாய் மிஞ்சுகிறது. ஏழாண்டில் ஒன்றரை லட்சம் ரூபாய் இலாபம்.

இருவரும் ஒரே நெரிசலில் நிற்கிறார்கள். ஆயினும் ஒருவருக்கு இலாபம், மற்றவருக்கு இழப்பு. கொல்கத்தா மெதுவான நகரம் மட்டுமன்று, அடர்த்தியான நகரமும்கூட. மாநகராட்சியின் பரப்பு ஏறத்தாழ 206 சதுர கிலோமீட்டரே. ஒரு மணி நேரம் காரில் அமர்ந்திருப்பவர்கூடப் பதினைந்து, பதினெட்டு கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. நெரிசல் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் சேமிப்பைக் கூட்டித் தருகிறது. அதே நெரிசலும் குறுகிய தூரங்களும் கிலோமீட்டர்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகின்றன. காரில் கழியும் நேரத்தை வைத்து முடிவெடுப்பவர் இங்கேதான் ஏமாறுகிறார். பார்க்க வேண்டியது கடிகாரத்தை அன்று. ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரை.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் தவணையும் சேமிப்பும் சமமாகும் எல்லை, ஆண்டுக்கு ஏறத்தாழ 10,300 கிலோமீட்டர் நகர ஓட்டம். இதையே ஓர் எளிய விதியாகக் கொள்ளலாம்: கூடுதல் விலை ஒவ்வொரு லட்சத்துக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,100 கிலோமீட்டர் நகரச் சாலைகளில் ஓட வேண்டும். விலை இடைவெளி 1.5 லட்சமானால் 6,200 கிலோமீட்டரே போதும்; அப்போது லேக் மார்க்கெட் வாசகருக்கும் கணக்கு நேராகிவிடும். எனவே தள்ளுபடிக் காலத்தில் இரண்டு வகைகளுக்கும் தரப்படும் தள்ளுபடியைத் தனித்தனியே கேட்டறிவது நன்று.

“நான் கடன் வாங்கப் போவதில்லை, கையில் உள்ள பணத்தைக் கொடுப்பேன்” என்பவர்களுக்கும் இக்கணக்கு உண்டு. 2.5 லட்சத்தை 6.5 சதவீத வட்டியில் ஏழாண்டு நிரந்தர வைப்பில் இட்டால், காலாண்டுக் கூட்டுவட்டியில் அது வரிக்கு முன் ஏறத்தாழ 3.92 லட்சமாகும். கார் தரும் சேமிப்பை அதனோடு ஒப்பிட்டே பார்க்க வேண்டும்.

கொல்கத்தாவில் மெட்ரோ வலைப்பின்னலும் விரிந்துவருகிறது. ஹவுரா மைதானத்திலிருந்து ஆற்றின் அடியில் சென்று சால்ட் லேக் ஐந்தாம் செக்டார் வரை செல்லும் பசுமைத் தடம், 2025 ஆகஸ்டு முதல் முழுமையாக இயங்குகிறது. வாரத்தில் மூன்று நாள் மெட்ரோவில் செல்லத் தொடங்கினால், காரின் ஆண்டு ஓட்டம் பாதியாகலாம். அடுத்த ஏழாண்டுக்கான கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விலைப்பட்டியலில் இல்லாத குறைகள்

பேட்டரியைப் பற்றிய அச்சமே பலருக்கு முதலில் எழுவது. இந்தியாவில் விற்கப்படும் முக்கிய ஸ்ட்ராங் ஹைபிரிட் கார்களின் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை, உத்தரவாதம் அளிக்கப்படுகிறது. கடன் முடியும் வரை இது உங்களைக் காக்கும். ஆனால் தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கு உரியது. கொல்கத்தாக் குடும்பங்களில் கார் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் தங்குவது இயல்பு. உத்தரவாதத்துக்குப் பிந்தைய ஆண்டுகளுக்காக, மாற்றுப் பேட்டரியின் இன்றைய விலையை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். காரை விற்றால் உத்தரவாதம் அடுத்த உரிமையாளருக்குச் செல்லுமா என்பதையும் உறுதிசெய்யுங்கள். 2022-இல் விற்பனையான கார்கள் 2030-இல்தான் எட்டாண்டை நிறைவு செய்யும். அதுவரை பழைய ஹைபிரிட் கார்களின் மறுவிற்பனை மதிப்பை அனுபவத்தைக் கொண்டு உறுதியாகக் கூற வழியில்லை.

இரண்டாவது குறை இடவசதி. பேட்டரி பெரும்பாலும் பின்புறம் வைக்கப்படுவதால் பொருள் வைக்கும் பகுதி சுருங்குகிறது. ஹோண்டா சிட்டியின் பெட்ரோல் வகையில் 506 லிட்டராக உள்ள அப்பகுதி, ஹைபிரிட் வகையில் 306 லிட்டராகக் குறைகிறது. குடும்பத்தோடு ரயில் நிலையம் செல்பவர்கள் தம் பெட்டிகளை ஷோரூமுக்கே எடுத்துச் சென்று வைத்துப் பார்ப்பதில் தவறில்லை.

மூன்றாவது குறை பழுதுபார்ப்பு. மல்லிக் பஜாரில் எந்தக் காரின் பாகமும் கிடைக்கும் என்பது கொல்கத்தாவாசிகளின் நம்பிக்கை. தெருமுனை மெக்கானிக்கின் கைவண்ணத்தால் ஓடிய அம்பாசடர்களை நாம் அறிவோம். உயர் மின்னழுத்தக் கம்பிகள் கொண்ட ஹைபிரிட் காருக்கு அந்த வழி பொருந்தாது. பயிற்சி பெற்ற பணியாளர் உள்ள அங்கீகரிக்கப்பட்ட நிலையத்துக்கே செல்ல வேண்டும்.

நான்காவது, நீண்ட நாள் நிறுத்திவைத்தல். கோடை விடுமுறையில் கோரமண்டல் விரைவு ரயிலேறி ஒரு மாதம் சொந்த ஊர் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஹைபிரிட் காரிலும் வழக்கமான 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது தீர்ந்துபோனால், பெரிய பேட்டரியில் மின்சாரம் இருந்தும் கார் உயிர்பெறாது. ஊருக்குச் செல்லும் முன் கையேட்டில் கூறியுள்ளபடி செய்துவிட்டுச் செல்வதே பாதுகாப்பு.

ஐந்தாவது, ஓசையின்மையே ஒரு குறையாவது. குறுகிய சந்துகளில் நடப்பவர்கள் காரின் ஒலியைக் கேட்டே விலகுகிறார்கள். மின்மோட்டாரில் நகரும் கார் அருகில் வந்தும் தெரிவதில்லை. ஓட்டுபவர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

மழைநீரும் காப்பீடும்

2025 செப்டம்பர் 23 அன்று, துர்கா பூஜைக்குச் சில நாட்களே இருந்த வேளையில், கொல்கத்தாவில் 24 மணி நேரத்துக்குள் 250 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தெருக்கள் ஆறுகளாயின, மின்கசிவால் பலர் உயிரிழந்தனர், எண்ணற்ற கார்கள் நீரில் மூழ்கின. அன்றைய காட்சியைக் கண்டவர்களுக்கு, “தண்ணீரும் மின்சாரப் பேட்டரியும் ஒன்றாகுமா?” என்ற ஐயம் எழுவது இயல்பே.

ஹைபிரிட் காரின் உயர் மின்னழுத்த அமைப்பு வண்டியின் உடற்பகுதியோடு தொடர்பின்றிக் காப்பிடப்பட்டிருக்கும். மின்கசிவு உணரப்பட்டால் தானே துண்டித்துக்கொள்ளும். எனவே மழையில் ஓட்டுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வெள்ளத்தில் மூழ்கி நின்ற காரைத் தாமே இயக்கிப் பார்ப்பது எந்தக் காரிலும் பிழை, ஹைபிரிட்டில் பெரும்பிழை. ஆரஞ்சு நிறக் கம்பிகளைத் தொடாமல், சேவை நிலையத்துக்குத் தெரிவித்து, இழுவை வண்டியில் கொண்டுசெல்வதே முறை.

காப்பீட்டில் மூன்று விவரங்களைப் பார்க்க வேண்டும். நீர் புகுந்த பின் இயக்கியதால் இன்ஜினுக்கு ஏற்படும் சேதம் வழக்கமான பாலிசியில் பொதுவாக அடங்காது. அதற்கு ‘இன்ஜின் பாதுகாப்பு’ எனும் கூடுதல் பிரிவு தேவை. அப்பிரிவு ஹைபிரிட் பேட்டரியையும் மோட்டாரையும் உள்ளடக்குகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்து, வழக்கமான வாகனப் பாலிசியில் பேட்டரிக்கு 50 சதவீதத் தேய்மானம் கழிக்கப்படும். ஹைபிரிட் பேட்டரிக்கும் அது பொருந்துமா, தேய்மானம் கழிக்காத பாலிசி எடுத்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாவது நற்செய்தி: 2022 ஜூன் முதல் ஹைபிரிட் வாகனங்களுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தில் 7.5 சதவீதத் தள்ளுபடி வழங்கப்பட்டுள்ளது. உங்கள் பாலிசியில் அது கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வரியில் சலுகை உண்டா?

“பசுமைக் கார்” என்ற சொல்லைக் கேட்டதும் வரிச்சலுகையை எதிர்பார்ப்பவர்கள் பலர். மின்காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். ஹைபிரிட்டின் நிலை வேறு. 2025 செப்டம்பர் 22 வரை, நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஹைபிரிட் காருக்குக் கூடுதல் தீர்வை உட்பட 43 சதவீத வரி இருந்தது. அதே அளவுள்ள, 1,500 சி.சி.க்கு மிகாத சாதாரணப் பெட்ரோல் காருக்கு 45 சதவீதம். அன்று நடைமுறைக்கு வந்த மாற்றத்தால் இரண்டும் 40 சதவீதமாயின. விலை குறைந்தது உண்மை. ஆனால் ஹைபிரிட்டுக்கு இருந்த சிறிய வரி முன்னுரிமை மறைந்துவிட்டது.

வருமான வரியிலும் இதே நிலை. 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை அனுமதிக்கப்பட்ட மின்வாகனக் கடனின் வட்டிக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை கழிவு தரும் பிரிவு, முழுவதும் மின்சாரத்தால் ஓடும் வாகனங்களுக்கே உரியது. ஹைபிரிட் அதில் சேராது. சாலை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். உத்தரப் பிரதேசம் 2024 ஜூலையில் ஸ்ட்ராங் ஹைபிரிட் கார்களுக்குப் பதிவு வரியிலிருந்து விலக்கு அளித்தது. வேறு மாநிலத்துச் செய்தியை நம்பிக் கொல்கத்தாவில் விலை பேசிவிடாதீர்கள். இங்குள்ள பதிவுச் செலவை விலைப்பட்டியலில் தனியே எழுதிப் பெறுங்கள்.

யாருக்கு எது பொருந்தும்?

சொந்த நிறுத்துமிடமும் மின்னேற்ற வசதியும் உடையவர், பெரும்பாலும் நகருக்குள் ஓட்டுபவர் என்றால், ஹைபிரிட்டை மட்டுமன்றி மின்காரையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நிறுத்துமிடம் இல்லாதவர், ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டருக்கு மேல் நகர நெரிசலில் ஓட்டுபவர், காரை ஏழெட்டு ஆண்டுகள் வைத்திருக்க எண்ணுபவர் ஆகியோருக்கு ஹைபிரிட் கார் பொருத்தமானது. வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் காரை எடுப்பவருக்கும், மூன்று நான்கு ஆண்டுகளில் மாற்றிவிடுபவருக்கும் சாதாரணப் பெட்ரோல் காரே சிக்கனம். மிச்சமாகும் இரண்டரை லட்சத்தில் கடன் தொகையைக் குறைத்துக்கொள்ளலாம்.

பணக் கணக்கில் இழப்பு என்று தெரிந்தும், அமைதியான பயணத்துக்காகவோ நகரின் காற்றுக்காகவோ ஹைபிரிட் காரைத் தேர்வோரும் உண்டு. அது மதிக்கத்தக்க முடிவே. அந்த மனநிறைவுக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை முன்கூட்டியே அறிந்து கொடுப்பதுதான் முக்கியம். “பெட்ரோல் சேமிப்பே தவணையைக் கட்டிவிடும்” என்ற நம்பிக்கையில் கையொப்பமிட்டு, ஒவ்வொரு மாதமும் பற்றாக்குறையைச் சந்திக்கும் நிலை வரக் கூடாது.

ஷோரூமுக்குச் செல்லும் முன் ஒன்று செய்யுங்கள். இப்போதுள்ள காரின் கடந்த இரண்டு சர்வீஸ் ரசீதுகளை எடுங்கள். அவற்றில் காரின் ஓட்டம் எத்தனை கிலோமீட்டர் என்று குறிக்கப்பட்டிருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, இடைப்பட்ட மாதங்களால் வகுத்து, பன்னிரண்டால் பெருக்குங்கள். கிடைப்பது உங்கள் உண்மையான ஆண்டு ஓட்டம். பலருக்கு அந்த எண் வியப்பளிக்கும்; நினைத்ததைவிடக் குறைவாகவே இருக்கும். அதோடு இரண்டு வகைக் கார்களின் முழு விலைப்பட்டியலையும் எடுத்துக்கொண்டு உங்கள் கிளைக்கு வாருங்கள். இரண்டு தொகைக்கும் மாதத் தவணை எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பதை முக்கிய விவர அறிக்கையில் பார்த்து ஒப்பிடலாம். காரின் நிறத்தைத் தேர்வது அதற்குப் பிறகு இருக்கட்டும்.